மதில் மேல் பூனையும் மூன்றாவது மாடிப் பூனையும்

அமராவதி என்றால் ஊரில் எல்லோரும் ஆந்திராவா என்று கேட்கிறார்கள். இல்லை, இது மகாராஷ்டிரத்து அமராவதி. விதர்பா. பருத்தி, துவரை, சோயா, ஆரஞ்சு, மே மாதத்தில் 45 டிகிரி வெயில். மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. தமிழில் பேச நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன. இட்லி அரிசிக்கு நாக்பூர் போகவேண்டும்.

இந்தப் பதிவு ஊரைப் பற்றியது அல்ல, பூனையைப் பற்றியது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் இந்த ஊரும் தானாக உள்ளே வரும்.

வீட்டில் எள்ளு என்று ஒரு பூனை இருக்கிறது. கறுப்பு, ஏழு மாதம். மகள் மழைக்காலத்தில் படிக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தது. இத்தனை நாள் குட்டி என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். இப்போது வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எங்கிருந்தோ பாய்ந்து வருகிறது. நான் ஆபீஸ் கிளம்பும்போது ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு மறு காலால் அதைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவது தினப்படிக் கூத்தாகிவிட்டது.

வெளியே விடுவதா, உள்ளேயே வைப்பதா? வீட்டில் மூன்று கட்சி.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவர் கட்சி தெளிவானது. "பூனையை எங்கடா அடைச்சு வைப்பாங்க? அது என்ன கோழியா? விட்டுப் பாரு, பசிச்சா தானா வரும்." மகள் ஒன்பதாம் வகுப்பு. "வெளியே விட்டா நானும் அதோட போயிடுவேன்ப்பா" என்கிறாள். மனைவி இரண்டு பக்கமும் பேசவில்லை. "முடிவை நீங்களே எடுங்க. ஆனா இன்னொரு தடவை என்னால அழ முடியாது" என்றாள்.

அந்த 'இன்னொரு தடவை' என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வங்கியில் புதுக் கடன் கேட்டு யாராவது வந்தால் நாங்கள் முதலில் எடுப்பது பழைய கணக்குப் புத்தகத்தை. இதிலும் அதையே செய்தேன். மனிதனுக்கும் பூனைக்கும் நடுவில் இருந்த பழைய கணக்கு என்ன? கதவு விஷயத்தில் நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள்? ஒரு மாதம் ராத்திரிகளில் படித்ததில் தெரிந்த முதல் விஷயம், அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பதுதான்.

நம் பேச்சிலேயே அதற்குச் சாட்சி உண்டு. முடிவு எடுக்காதவனை மதில் மேல் பூனை என்கிறோம். நிலைகொள்ளாமல் அலைகிறவனைக் குட்டி போட்ட பூனை என்கிறோம். உலை ஏறாத வீட்டைப் பற்றி 'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்கிறோம். மூன்றிலும் பூனை தன் இஷ்டத்துக்கு உள்ளே வருகிறது, வெளியே போகிறது. கதவு என்ற ஒன்றே கிடையாது. மதிலின் இரண்டு பக்கமும் அதற்குச் சொந்தம். அதனால்தான் அது மதில் மேல் உட்காரமுடிகிறது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டிலும் அப்படித்தான். கூடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே பத்தாயம். அதில் நெல். நெல்லுக்கு எலி. எலிக்குப் பூனை. அந்தப் பூனைக்குப் பெயர் கிடையாது. கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் மிச்சம் இருக்கும் தயிர்சாதம் வைப்பார் பாட்டி. வயிறு நிறைய வைக்கமாட்டார். "ரொம்ப வெச்சா எலி பிடிக்காது" என்பார். சின்ன வயதில் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அது ஒரு சம்பளத் திட்டம் என்று இப்போதுதான் புரிகிறது.

இந்தத் திட்டம் மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 வருடங்களுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்தில், 40 சென்டிமீட்டர் தள்ளி, எட்டு மாதப் பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்தது. 2004-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனம் கிடையாது. ஆகவே யாரோ படகில் ஏற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். விவசாயம் தொடங்கிய காலம், தானியம் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலம் அது. 2007-ல் வந்த மரபணு ஆய்வு, உலகத்தின் வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியப் பக்கத்துக் காட்டுப் பூனையின் வாரிசுகள் என்றது. பத்தாயம் வந்தது, பின்னாலேயே எலி வந்தது, அதன் பின்னாலேயே பூனை வந்தது.

நாய் நமக்காக வந்தது என்று சொல்லலாம். பூனை வந்தது எலிக்காக. நாம் நடுவில் இருந்தோம், அவ்வளவுதான்.

வேல்ஸ் நாட்டில் 10-ஆம் நூற்றாண்டு அரசர் ஹைவெல் பெயரில் வழங்கும் சட்டங்களில் பூனைக்கு விலை நிர்ணயம் செய்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து கண் திறக்கும் வரை ஒரு பென்னி. எலி பிடிக்கத் தொடங்கும் வரை இரண்டு. எலி பிடித்துவிட்டால் நாலு. காது கேட்கவேண்டும், கண் தெரியவேண்டும், நகம் முழுசாக இருக்கவேண்டும், எலியைக் கொல்லவேண்டும், பெண் பூனையானால் குட்டியை வளர்க்கவும் வேண்டும். இதில் குறை இருந்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தரவேண்டும். சொத்து மதிப்பீடு என்றால் இதுதான். அழகு, செல்லம், மடியில் படுக்குமா என்பதெல்லாம் பட்டியலில் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது லண்டன் கதை. 1868-ல் லண்டன் மணியார்டர் ஆபீஸில் எலித்தொல்லை. காகிதங்களைக் கடித்துத் தின்கின்றன. பணத்தாள் விவகாரம் என்பதால் ஆபீஸ் தலைவர் மேலிடத்துக்கு எழுதினார்: மூன்று பூனைகள் வைத்துக்கொள்ள வாரம் இரண்டு ஷில்லிங் வேண்டும். மேலிடம் என்ன செய்திருக்கும்? எங்களைப் போன்றவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். கேட்டதில் பாதி, ஒரு ஷில்லிங் அனுமதித்தார்கள் :-) கூடவே இரண்டு நிபந்தனை. மீதிச் சம்பளத்தைப் பூனைகள் எலிகளிடமிருந்தே ஈட்டிக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் எலி குறையவில்லை என்றால் அலவன்ஸில் இன்னும் வெட்டு. அடுத்த வருடமே பூனைகள் வேலையைச் சரியாகச் செய்வதாக அறிக்கை போயிற்று. 1873-ல் சம்பள உயர்வும் கிடைத்தது, ஒன்றரை ஷில்லிங்.

பாட்டியின் கொட்டாங்கச்சியும் லண்டன் தபால் துறையின் கோப்பும் ஒரே கொள்கைதான். அரைச் சம்பளம், திறந்த கதவு. கதவு திறந்திருந்தது பூனையின் சுதந்திரத்தை மதித்து அல்ல. அரை வயிறு போட்டால் மீதி அரைக்கு அது வெளியே போய்த்தான் ஆகவேண்டும்.

இப்போது அமராவதிக்கு வருகிறேன்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. முதலில் கண்டது துறைமுகத்தை ஒட்டிய மாண்டவியில், தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதியில். அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் அதில் இறந்தார்கள். எலியின் மேல் உள்ள தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று 1898-ல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் காட்டினார். அதிகாரிகள் அதை உடனே நம்பவில்லை. அதை ஏற்றுக்கொள்ள இன்னும் பல வருடம் ஆயிற்று.

அந்தச் சமயத்தில் அமராவதி மாவட்டத்தில் ஆண்ட்ரூ புக்கானன் என்று ஒரு ராணுவ மருத்துவர், லெப்டினன்ட் கர்னல், பணியில் இருந்தார். அவர் செய்த வேலை வினோதமானது. கிராமங்களில் பூனைகளை எண்ணினார். எந்த ஊரில் எத்தனை பூனை, எந்த ஊரில் எத்தனை பிளேக் என்று ஒப்பிட்டார். பூனை நிறைய இருந்த ஊர்களில் பிளேக் குறைவு என்று கண்டு, 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். பிளேக்கைத் தடுக்க வீடுதோறும் பூனை வளர்க்கச் சொல்லுங்கள் என்பது அவர் வாதம்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மாதாமாதம் போகிற ஊர்கள் இவை. கிடங்கு ரசீதின் பேரில் துவரைக்கும் சோயாவுக்கும் கடன் கொடுத்திருக்கிறோம். சரக்கு இருக்கிறதா என்று மூட்டைகளை எண்ணிப் பார்க்கப் போவேன். நூறு வருடத்துக்கு முன்னால் இதே மாவட்டத்தில் ஒருவர் பூனைகளை எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்!

அவர் கணக்கில் ஓட்டை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். பூனையும் நோயின்மையும் ஒரே ஊரில் இருந்தால் ஒன்றால் மற்றது வந்தது என்று ஆகிவிடாது. மேலும் பூனைக்கே பிளேக் வரும், அதனிடமிருந்து மனிதனுக்கும் வரும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1977 முதல் 1998 வரை அப்படி 23 பேருக்கு வந்ததாக மருத்துவப் பதிவு இருக்கிறது. ஆனாலும் புக்கானன் காலத்தில் பூனைக்கு எப்படிப்பட்ட மரியாதை இருந்தது என்று பாருங்கள். ஒரு மாவட்டத்தின் உயிரையே அதன் தலையில் வைக்கப் பார்த்தார் ஒரு மருத்துவர்.

அந்த வேலை எப்போது போயிற்று? என் கணக்கில் அடுத்தடுத்த மூன்று வருடங்கள் முக்கியம். 1947, 1948, 1949.

முதலில் 1947. நமக்கு அது வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கும் வருடம். அந்த ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காஸோபோலிஸ் என்ற சின்ன ஊர். எட்வர்ட் லோ என்ற இளைஞர், அப்பாவின் வியாபாரத்தில் இருக்கிறார். பட்டறைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச மரத்தூள், களிமண் விற்பது தொழில். பூனை வளர்க்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்து கொஞ்சம் மணல் கேட்டார். பூனைக்காக வைத்திருந்த மணல் குளிரில் உறைந்துவிட்டது. சாம்பல் போட்டால் வீடெல்லாம் கறுப்புக் கால்தடம். லோ மணலுக்குப் பதில் உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்தார். நம்மூர்ப் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி வகை மண்தான் அது. அந்தப் பெண்மணி திரும்பத் திரும்ப வந்து கேட்கவே, பத்துப் பைகளில் கட்டி 'கிட்டி லிட்டர்' என்று கையால் எழுதி, ஒரு பை 65 சென்ட் என்று கடைக்குக் கொண்டுபோனார். சும்மா கிடைக்கிற மணல் இருக்க இதை யார் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். அப்படியானால் சும்மாவே கொடுங்கள் என்றார் லோ. அப்புறம் நடந்தது வியாபாரச் சரித்திரம்.

ஒரு பை மண்தானே என்று நினைக்கவேண்டாம். அதுவரை பூனை வெளியே போனதற்கு இரண்டு காரணம்: வயிறும், கழிவும். இரண்டாவது காரணத்தை அந்தப் பை நீக்கிவிட்டது. பூனை ஒருநாள்கூட வெளியே போகாமல் ஒரு வீட்டில் நாற்றமில்லாமல் வாழ முடியும் என்பது அன்றிலிருந்துதான் சாதாரணக் குடும்பத்துக்குச் சாத்தியமாயிற்று.

அடுத்தது 1948. கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து சாவதைப் பார்த்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரும் அவர் குழுவும் காரணத்தைத் தேடினார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருள் கிடைத்தது. அதன் வழியில் உருவாக்கிய வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. (பின்னாளில் அதுவே மனிதர்களுக்கு இதய மருந்தும் ஆயிற்று.) எலி ஒரே வாயில் சாவதில்லை. சில நாள் கழித்து, எதனால் என்று தெரியாமல் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகிறது. அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. அதற்குப் பின் இன்னும் வீரியமான ப்ரோமாடியோலோன் போன்றவை வந்தன. இன்று நம் கடைகளில் கேக் மாதிரி கட்டியாக விற்பது அதுதான்.

ஒன்பதாயிரம் வருடமாகப் பூனை பார்த்துவந்த உத்தியோகத்துக்கு மாற்று ஆள் வந்துவிட்டது. பால் வேண்டாம், குட்டி போடாது, ராத்திரி கத்தாது.

இங்கேதான் பொரியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பொரி எங்கள் முதல் பூனை. வெள்ளை. ஊர் வழக்கப்படி வளர்த்தோம். வாசல் கதவை ஒருக்களித்து வைத்திருப்போம். காலையில் தயிர்சாதம், பிறகு கீழே இறங்கிப் போகும், இருட்டினால் வரும். அப்படி விடலாம் என்று முடிவெடுத்தது நான். பத்தாயத்து வீட்டுப் பையன் அல்லவா, எனக்குத் தெரியாதா பூனை வளர்க்க என்ற எண்ணம். குடியிருப்பில் எலித்தொல்லை என்று புகார் வந்தது. கீழே சாக்கடை ஓரம் மருந்து வைத்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டும் ஒட்டினார்கள். நான் தினமும் அதைக் கடந்துதான் ஸ்கூட்டரை எடுத்தேன். குழந்தைகள் கவனம் என்று இருந்தது, படித்தேன், போய்விட்டேன். எலி மருந்தை எலி தின்னும், அந்த எலியைப் பூனை தின்னும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாலைந்து நாளில் பொரி சோர்ந்து படுத்தது. ஈறு வெளுத்துப்போயிற்று. மூக்கில் ரத்தம். மருத்துவர் பார்த்தவுடன் எலி மருந்தாக இருக்கும் என்றார். அதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். ராத்திரி ஊசி போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தோம். விடியற்காலையில் என் மனைவியின் மடியில் போய்ச் சேர்ந்தது.

மருந்து வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றால் பொய். ஆனால் யோசித்தால், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தப்பு எங்கே என்றால், பூனையின் வேலையை மருந்துக்குக் கொடுத்துவிட்டோம், பூனையைப் பழைய வேலைக்குப் போகிற மாதிரியே தினமும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது 1949. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டசபை ஒரு மசோதா நிறைவேற்றியது. பூச்சி தின்னும் பறவைகளைக் காப்பதற்காக, பூனையை வீட்டு எல்லைக்கு வெளியே அலையவிடக்கூடாது, மீறினால் அபராதம். கவர்னர் அட்லாய் ஸ்டீவன்சன் (பிற்பாடு இரண்டு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று ஐசனோவரிடம் தோற்றவர்) கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். தனியாக ஊர் சுற்றுவது பூனையின் சுபாவம், பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் பூனை போவது பொதுத் தொல்லை ஆகாது என்பது அவர் வாதம். பூனைக்கும் பறவைக்கும் உள்ள வழக்கை அரசு தீர்க்கப் போனால், நாளை நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவுக்கும் உள்ள வழக்கையும் தீர்க்கச் சொல்வார்கள் என்று கிண்டலும் செய்தார்.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "புத்திசாலி" என்றார்.

ஆனால் பறவைக் கட்சி சும்மா வாதாடவில்லை. நியூஸிலாந்தில் ஸ்டீபன்ஸ் தீவு என்று ஒன்று. 1894-ல் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றினார்கள். விளக்குக் காவலர்களோடு பூனையும் போயிற்று. அந்தத் தீவில் பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இருந்தது. பூனை கொண்டுவந்து போட்ட உடல்களை உதவிக் காவலர் டேவிட் லயால் பாடம் செய்து அனுப்பித்தான் உலகத்துக்கு அந்த இனமே தெரிந்தது. 1895-க்குள் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே பூனை ஓர் இனத்தை அழித்தது என்று ரொம்பநாள் கதை ஓடியது. பின்னால் வந்த ஆய்வு, ஒன்று அல்ல, பெருகிப்போன பல பூனைகள் என்றது. குருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

2013-ல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. வீடில்லாத பூனைகள் எங்கிருந்து வந்தன? நம்மைப் போல் ஒருக்களித்த கதவு வைத்திருந்தவர்களிடமிருந்தும்தான்.

இன்று ஒவ்வொரு நாடும் ஒரு விதம். பிரிட்டனில் பெரும்பாலோர் வெளியே விடுகிறார்கள். அமெரிக்காவில் உள்ளே வைப்பவர்களே அதிகம். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1-க்குப் பின் பிறந்த பூனைகளை வெளியே அலையவிடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதே 2022-ல் ஜெர்மனியின் வால்டோர்ஃப் ஊரில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிக்காகக் கோடை முழுதும் பூனைகளை வீட்டுக்குள் வைக்க உத்தரவு போட்டார்கள்.

அப்படியானால் உள்ளே வைப்பது என்று முடித்துவிடலாமா? அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு, அதுதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது.

பூனைக்கு டாரின் என்ற சத்து வேண்டும். அதை உடம்பிலேயே போதுமான அளவு தயாரித்துக்கொள்ளும் சக்தி அதற்குக் கிடையாது. மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-ல் தெரிந்தது. இதயம் வீங்கிப் பலவீனப்படும் என்று 1987-ல்தான் தெரிந்தது. டப்பா உணவு தின்ற பூனைகளுக்கே இந்தக் குறை இருந்ததைக் கண்டுபிடித்த பிறகு கம்பெனிகள் அளவைக் கூட்டின. அதாவது பூனையை முழுக்க உள்ளே வைத்து, கண்ணும் இதயமும் கெடாமல் வளர்க்க மனிதன் கற்றுக்கொண்டது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான்!

பாட்டியின் தயிர்சாதத்தில் போதுமான டாரின் கிடையாது. ஆனாலும் அந்தப் பூனை நன்றாகத்தான் இருந்தது. ஏனென்றால் மீதிச் சம்பளம் எலியாக வந்தது. அதே தயிர்சாதத்தைப் போட்டுக் கதவை மட்டும் சாத்தினால், அது பாதிச் சம்பளத்தில் முழுநேரக் காவல் தண்டனை.

அதே 1987-ல் நியூயார்க்கில் இரண்டு மருத்துவர்கள், மாடி ஜன்னல்களிலிருந்து விழுந்து தங்கள் மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளின் கணக்கை வெளியிட்டார்கள். சிகிச்சையால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. எல்லோரும் பூனைக்கு ஒன்பது உயிர் என்று அந்தத் தொண்ணூறைப் பற்றியே பேசினார்கள். நான் பார்த்தது 132 என்ற எண்ணை. அஞ்சே மாதத்தில் ஒரே மருத்துவமனைக்கு வந்தவை அவை. அடைத்து வைத்தால் மட்டும் போதாது, ஜன்னலும் பால்கனியும் வலை கேட்கின்றன.

ஆக, என் குறிப்பின் முடிவுரை இதுதான். 'பூனை என்றால் வெளியே போகும்' என்பது இயற்கைச் சட்டம் மட்டும் அல்ல, ஒரு வேலை ஒப்பந்தமும்கூட. பத்தாயம் இருந்தது, எலி இருந்தது, அரை வயிறு இருந்தது, எதிரில் வயல் இருந்தது. இந்த மூன்றாவது மாடியில் அந்த ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்துகூட மிச்சமில்லை. கீழே இருப்பது கார்கள், தெருநாய்கள், சாக்கடை ஓரத்துக் கேக். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தேன். அதற்குப் பொரி விலை கொடுத்தது.

எள்ளு உள்ளேதான் இருக்கும். ஆனால் முழுச் சம்பளத்தோடு. பால்கனிக்கு வலை அடித்தாயிற்று. சதுர அடிக் கணக்கில் பணம் வாங்கினார்கள், கொடுத்தேன். கருத்தடைக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறது. தடுப்பூசிகள் போட்டாயிற்று. சாப்பாட்டில் கோழியும் மீனும். மண் தட்டு கழுவுவது என் பொறுப்பு. ராத்திரி அரைமணி நேரம் கயிற்றில் கட்டிய துணி எலியை இழுத்துக்கொண்டு ஹாலில் ஓடுவதும் என் பொறுப்பு. நாற்பது வயதுக்கு மேல் நல்ல உடற்பயிற்சி.

அம்மா இதை ஒப்புக்கொண்டாரா என்றால், இல்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், எதிர் வீட்டுக் குழந்தை வந்து "மாஞ்சர் எங்கே, மாஞ்சர் எங்கே" என்று மராத்தியில் கேட்டது. அம்மா என்னிடம் திரும்பி, "மார்ஜாரம்னு நாம சொல்றதுதானே இது?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "மார்ஜார நியாயம்னு உங்க தாத்தா சொல்லுவாரு."

நம் வைணவ மரபில் வரும் பழைய விவாதம் அது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது. தாய்தான் வாயால் கவ்வித் தூக்கிப் போகவேண்டும், பாரம் முழுதும் தாயுடையது. பக்தனும் கடவுளும் எப்படி என்பதற்குச் சொன்ன உவமை. நான் வேறு விதமாகக் கேட்டுக்கொண்டேன். கதவு திறந்திருந்த காலத்தில் பூனை தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. கதவைச் சாத்தியவன் இனி அதன் சாப்பாடு, விளையாட்டு, வெயில், சலிப்பு எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லவேண்டும்.

நேற்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது அம்மா பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எள்ளு. வலைக்கு அந்தப் பக்கம் கொய்யா மரத்தில் இரண்டு கொண்டைக்குருவிகள். எள்ளுவின் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"பாவம்டா" என்றார் அம்மா.

யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. துணி எலியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மணி சத்தம் கேட்டதும் எள்ளு வந்துவிட்டது.